குதிரைக்காரின் இடது கண்

எனக்கு வாய் நீளம், புஸ்பமக்காவுக்கு மூக்கு நீளம். இந்த ரெண்டையும் முதலாப் போட்டுத்தான் எங்கட தொழில் ஓடுது. ஆனா அண்டைக்கு ஆரையம்பதிக்கு ஓட்டோவ விட்டுக்கொண்டு போகக்குள்ள அக்கா என்ட முதலுக்கு ஒரு பூட்டுப் போட்டா.

"றிஸ்லான், இண்டைக்கு நீ பழைய கார் சாமான் விக்கிறவன். அத மட்டும் கதை."

"அது லேசுதானே அக்கா. காத்தான்குடியில நான் வேற என்னத்த வித்த?"

"மட்டும் எண்டு சொன்னன்."

பின் சீற்றில அக்காவுக்குப் பக்கத்துல யசோதினி இருந்தா. குருக்கள்மடத்துப் புள்ள. நெத்தியில சின்னதா ஒரு சிவப்புப் பொட்டு. அந்தப் பொட்டுத்தான் எங்கட வழக்கு.

கதை இதுதான். ரெண்டாயிரத்தி நாலாம் ஆண்டு மார்கழி இருவத்தஞ்சு, நத்தார் தினம். யசோதினிட புருசன் நல்லரத்தினம் தன்ட காரை எடுத்துக்கொண்டு கூட்டாளி இராசதுரைட வீட்ட, ஆரையம்பதிக்குப் போனார். நாளைக்கு வாறன் எண்டு சொல்லிட்டுப் போன மனிசன். அடுத்த நாள் காலையில கடல் வந்தது. நாவலடி ரோட்டுல கார் போகக்குள்ள அலை தூக்கினத, தான் பின்னால மோட்டார்சைக்கிளில வந்து கண்ணால கண்டதா இராசதுரை சொன்னார். உடம்பு கிடைக்கல்ல. அந்த மார்கழியில எத்தனை பேருக்குத்தான் கிடைச்சது? யசோதினி அப்ப வயித்துல புள்ளயோட. சொந்தக்காரர் கூடி அவட பொட்ட அழிச்சு விட்டாங்க. மரணச் சான்றிதழும் வந்தது.

அஞ்சரை வருசம் போயிட்டு. யுத்தமும் முடிஞ்சு ஒரு வருசம். போன மாசம் ஆரையம்பதியில ஒரு கலியாண வீட்டுக்குப் போன யசோதினி, இராசதுரைட வளவுக்குள்ள அந்தக் காரக் கண்டிருக்கா. கேட்டதுக்கு, "வாவிச் சேத்துக்குள்ள கிடந்த தங்கச்சி, ரெண்டாயிரத்தி ஏழில இழுத்தெடுத்தன், உன்ட மகளுக்குத்தான் திருத்திறன்" எண்டு சொல்லியிருக்கார். யசோதினி தகரத்தத் தடவிப் பார்த்தா, கடல்ல கிடந்த தகரம் எண்டு அவவுக்கு நம்பிக்கை வரல்ல. வீட்ட வந்து ராத்திரி முழுக்க முழிச்சிருந்தா. விடியப் பொட்ட வச்சிட்டா. மாமியார் பக்கத்துல ஒரே சண்டை. அண்டைக்கே எங்கட படிக்கு வந்து சொன்னது ஒரு கதைதான்.

"அக்கா, அவர் இருக்காரா இல்லையா எண்டு மட்டும் சொல்லுங்க. வைக்கிறதா அழிக்கிறதா எண்டு எனக்குத் தெரியணும்."

புஸ்பமக்கா மாவட்டக் கச்சேரிக் கந்தோருல, காணாமப் போன ஆக்கள்ட பகுதியில வேலை செஞ்சு இளைப்பாறினவ. இளைப்பாறினது சம்பளம்தான். வேலை இன்னும் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கு. ஆக்களப் படிக்கிறது அவ, சாமானப் படிக்கிறது நான்.

இனி அந்தக் கார். அமெரிக்காக் கார். நாப்பது வயசுக்கு மேல. முன்பக்கம் குதிரை ஒண்டு ஓடுற முத்திரை இருக்கிறதால மட்டக்களப்பில அதுக்குப் பேர் குதிரைக்கார். மாவட்டத்துக்கே ஒண்டுதான். நல்லரத்தினத்துட வாப்பா, சாமித்தம்பி முதலாளி, கொழும்பில ஏதோ தூதரகத்து ஏலத்துல எடுத்தது. எட்டுச் சிலிண்டர். ஸ்டார்ட் பண்ணினா அடுத்த வீட்டுக் கைக்குழந்தை எழும்பி அழும். சண்டைக் காலத்துல பெற்றோல் வராம நிண்ட நேரம் முதலாளி அந்த எஞ்சினக் கழட்டி எங்கயோ போட்டிட்டு, யப்பான் வேன் ஒண்டுட டீசல் எஞ்சினப் பூட்டினார். அதுக்குப் பிறகு அது குதிரைட தோலப் போத்துன மாடு. ஆனா ஓடினது. மகன் நல்லரத்தினத்துக்கு அந்தக் கார்தான் உசிர். வீட்டுலயே சுரண்டி, வீட்டுலயே பெயின்ற் அடிச்சு, வீட்டுலயே வெல்டிங் வச்சு வளர்த்திருக்கார்.

இராசதுரைட வளவுக்குள்ள ஓட்டோவ விட்டன். வேப்ப மரத்துக்குக் கீழ, தகரக் கொட்டிலுக்குள்ள கார் நிண்டது. சில்லு இல்ல, கட்டை போட்டு நிறுத்தியிருந்தது. பெயின்ற் முழுக்கச் சுரண்டி வெறும் தகரம். பின்பக்கம் லொறி றிம் போடுறதுக்காக மட்கார்டு வளைவ வெட்டி அகலமாக்கியிருந்தது. மரக் கொப்புல செயின் புளொக், அதுல எட்டுச் சிலிண்டர் எஞ்சின் தொங்குது. எனக்கு வாய் ஊறினது, உண்மையச் சொன்னா.

இராசதுரை கையத் துடைச்சுக்கொண்டு வந்தார். ஐம்பது வயசிருக்கும், கன்னம் ஒட்டின மனிசன். ஊரெல்லாம் துரை பாஸ் எண்டு கூப்பிடுற மெக்கானிக். யசோதினியக் கண்ட உடன கண் நேர அவட நெத்திக்குத்தான் போனது. மறுகா நிலத்தப் பார்த்தார்.

"இவர் றிஸ்லான், துரையண்ணன். பழைய சாமான் எடுத்துத் தருவார். இது அவர்ட கடைக்காரம்மா," எண்டு யசோதினி சொன்னா. பொய் சொல்லிப் பழக்கமில்லாத புள்ள, சொல்லி முடிய முகம் வேர்த்துப்போச்சு.

வீட்டுக்குள்ள இருந்து ஆர்த்திகா கதிரை கொண்டு வந்தா. பாஸ்ட மகள். எட்டு மாச வயிறு இருக்கும், இடுப்புல ஒரு கையக் குடுத்துக்கொண்டு நடந்தா. "இருங்க, தேத்தண்ணி ஊத்தி வாறன்," எண்டு கிறுகிப் போனா.

நான் என்ட வேலையத் தொடங்கினன். கதவத் தட்டினன், அடியில படுத்துப் பார்த்தன், ஓரமெல்லாம் விரலால நோண்டினன்.

"பாஸ், ரெண்டரை வருசம் உப்புத் தண்ணியில கிடந்த காருக்குத் தரை எங்கால இரிக்கி?"

"இல்ல தம்பி. முழுக்க அரிச்சுப் போச்சு. வெட்டி எறிஞ்சிட்டுப் புதுத் தகரம் போட்டன்."

"கதவுட அடி?"

"அதுவும் புதுசு. கூரை மட்டும்தான் பழசு. கார் சேத்துல அரைவாசிதான் புதைஞ்சிருந்த. கூரை தண்ணிக்கு மேல."

எல்லாத்துக்கும் மறுமொழி இருந்தது, எல்லாம் சரியான மறுமொழி. தரையும் புதுசு, கதவடியும் புதுசு, வெல்டிங் ஓட்டை கூட இல்ல. நான் அக்காவப் பார்த்துத் தலைய ஆட்டினன். ஒண்டும் இல்ல எண்டு அர்த்தம்.

"எஞ்சின் இவ்வளவு காலமும் எங்க கிடந்த?" அக்கா சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டா.

"படுவான்கரையில. வவுணதீவுப் பக்கம் ஒரு நெல் ஸ்ரோருக்குள்ள. போன வருசம்தான் கொண்டு வந்தன்."

வாவிக்கு இந்தப் பக்கம், கடலோரம், எழுவான்கரை. அந்தப் பக்கம், பொழுது படுற பக்கம், படுவான்கரை. இஞ்ச மணல், அங்க வட்டை வட்டையா வயல். இத நான் எதுக்குச் சொல்றன் எண்டா, சுனாமி எழுவான்கரையத்தான் அழிச்சது. வாவியத் தாண்டி அங்கால போகல்ல.

முன்பக்கம் வந்தன். முழுக் காரும் வெறும் தகரமா மினுங்குது. இடது பக்க லைற் இருந்த குழி மட்டும், உள்ளுக்கும் விளிம்பிலயும், இன்னும் நீலமா இருந்தது.

"பாஸ், ஒரு கண்ண மட்டும் கழுவ மறந்திட்டீங்க."

இராசதுரை சிரிச்சார். வந்ததுல இருந்து முதல் சிரிப்பு. "அதுக்குள்ள குளவிக்கூடு தம்பி. ஆர்த்திகா இப்படி இருக்கக்குள்ள உடைக்கப்படா. பெத்து முடியட்டும், மறுகா சுரண்டுவன்."

இத வெளியூர் ஆக்களுக்குச் சொன்னா சிரிப்பாங்க. வீட்டுல குளவி கூடு கட்டினா அந்த வீட்டுல புள்ள பிறக்கப் போகுது எண்டு கணக்கு. வயித்துப்புள்ளக்காரி இருக்கிற வீட்டுல அத உடைச்சா வயித்துக்கு ஆகாது. எங்கட உம்மாவும் அப்படித்தான். என்ட ராத்தா மாசமா இருந்த நேரம் சாமி அலுமாரி இல்லாத எங்கட வீட்டுல, குளவிக்கு ஒரு அலுமாரியே விட்டுக் குடுத்தாங்க.

அக்காட மூக்கு அசைஞ்சது. எனக்கு அது தெரியும்.

"பாஸ், இந்த எட்டுச் சிலிண்டருக்குப் பழைய காபரேற்றர் இருக்கா? இருந்தா தம்பி பார்த்து அதே சாமான் எடுக்கலாம்."

"ஓம், உள்ள பெட்டிக்குள்ள கிடக்கு. தேடணும். பொறுங்க." அவர் வீட்டுக்குப் பின்னால போனார்.

அந்த நேரம் ஆர்த்திகா பிளேன்ரீ கொண்டு வந்து வச்சா. அக்கா அவட முகத்த ஒரு நிமிசம் பார்த்தா. "இவ்வளவு வேலை செய்யாத புள்ள. போய்க் கொஞ்சம் படு." அவ சிரிச்சுக்கொண்டு உள்ள போனா.

"லைற்ற அடி," எண்டு அக்கா சொன்னா. நான் போன் லைற்ற குழிக்குள்ள பிடிச்சன்.

உள்ள ஒரு குடித்தனம் இல்ல, மூண்டு குடித்தனம். ஒண்டுக்கு மேல ஒண்டு கட்டியிருந்தது. மேல இருந்தது புதுசு, ஈரம் காஞ்சு கொஞ்ச நாள்தான் இருக்கும், மணல் கலந்த சாம்பல் நிறம். நடுவில கறுப்புக் களி, அதுக்குள்ள நெல் உமி ஒட்டியிருந்தது. அடியில ஒண்டு, அது நீலம். கூட்டுக்கு மேலயே பெயின்ற் அடிச்சிருந்தது.

"குளவியும் பெயின்ற் அடிக்குதா?" எண்டு நான் கேட்டன்.

யசோதினி என்னத் தள்ளிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தா.

"இது அவர் அடிச்சது அக்கா. அந்தத் தீபாவளிக்கு முதல். கொசு மருந்தடிக்கிற பம்பால அடிச்சவர். நான்தான் உரத்தாள் போட்டுத் தேச்சுக் குடுத்த. எனக்கு அப்ப நாலு மாசம். கூட்ட உடைக்கப்படா எண்டு மாமி காவல் நிண்டா. இவர் கூட்டுக்கும் சேத்து அடிச்சிட்டு, இனி நீலக் குளவிதான் பறக்கும் எண்டு பகிடி விட்டவர்."

நீலக் கூட்டுல ஒரு துண்டு உதிர்ந்து குழிட அடி விளிம்புல கிடந்தது. அக்கா அத விரலால எடுத்தா. ஒரு பக்கம் நீலம், மற்றப் பக்கம் மண். தன்ட பிளேன்ரீக்குள்ள போட்டா.

"அக்கா, சீனி காணாட்டி கேட்டிருக்கலாமே."

"வாய மூடிட்டுப் பார்."

பார்த்தம். மண் கரைஞ்சு அடிக்குப் போச்சு. தேத்தண்ணி கலங்கினது. நீலப் பெயின்ற் மட்டும் தோல் மாதிரி மேல மிதந்தது.

எனக்கு அப்பதான் உறைச்சது. இவ்வளவு நேரமும் நான் அரிச்ச தகரத்தத் தேடிக்கொண்டு கிடந்தன், கூரை தப்பினது சரி, லைற் குழி கூரையிலயா இருக்கு? மண்ணால கட்டின கூடு ரெண்டரை வருசம் வாவிக்குள்ள இருந்தா, ஏன், ஒரு அலை அடிச்சிருந்தாலே, கரைஞ்சு போயிருக்கணும். நல்லரத்தினம் பெயின்ற் அடிச்ச கூடு அப்படியே இருக்கு.

"இந்தக் கார் தண்ணியே கண்டதில்ல," எண்டு நான் சொன்னன்.

"நடுக் கூட்டப் பார்," அக்கா மெல்லமாச் சொன்னா. "கறுப்புக் களி, நெல் உமி. இஞ்ச மணலுக்குள்ள எந்தக் குளவிக்கு அது கிடைக்கும்? எஞ்சின் கிடந்த ஸ்ரோருக்குள்ளதான் காரும் கிடந்திருக்கு. கடல் வந்த நேரம் கார் படுவான்கரையில."

யசோதினி அக்காட ரெண்டு கையயும் பிடிச்சா. நான் அந்த முகத்த மறக்க மாட்டன். ஒரு மாசமா எங்களோட திரிஞ்ச புள்ள, இப்படி ஒரு முகம் அவவுக்கு இருக்கு எண்டே எனக்குத் தெரியா.

"அப்ப அவர் கடலுக்குப் போகல்ல. அவர் இருக்கார் அக்கா. எனக்குத் தெரியும். நான் வச்சது சரிதான்."

"புள்ள, பொறு. கார் கடலுக்குப் போகல்ல எண்டுதான் நமக்குத் தெரியும். நீ ஓட்டோவுக்குள்ள போய் இரு. நான் அவரோட தனியக் கதைக்கணும்."

அக்கா சொன்னது அவ காதுல விழல்ல. எனக்கும் விழல்ல, உள்ளதச் சொன்னா. பூசா, வவுனியா, வெலிக்கந்த எண்டு தடுப்பு முகாம் ஒவ்வொண்டா என்ட மனசுக்குள்ள ஓடினது. எத்தனை பேர் அப்படி வந்திருக்காங்க. செத்தவன் எண்டு முப்பத்தொண்டாம் நாள் கிரியையும் செஞ்சு முடிஞ்ச ஒருத்தன் ஏறாவூர்ச் சந்தியில பஸ்ஸால இறங்கினத நானே கண்டன்.

இராசதுரை காபரேற்றரக் கையில தூக்கிக்கொண்டு வந்தார். தேத்தண்ணிக் கிளாசக் கண்டார். மிதக்கிற நீலத்தக் கண்டார். நடை நிண்டிட்டு.

அக்கா கதிரையில இருந்து எழும்பல்ல. "பாஸ், நாவலடியில அலை தூக்கினது எந்தக் கார?"

"இதத்தான்."

"இந்தக் கூடு மண் கூடு."

"அது… அந்த நீலம் நான் அடிச்சது. இழுத்தெடுத்த பிறகு."

"சேத்துக்குள்ள இருந்து இழுத்த காருக்கு, தரை இல்லாத காருக்கு, துரு தட்டாம, கூட்டோட சேத்து நீலம் அடிச்சீங்க. மறுகா நீங்களே அதச் சுரண்டினீங்க. அப்படித்தானே?"

தரைய ஏன் வெட்டினார் எண்டு எனக்கு விளங்கிட்டு. நல்ல தகரத்த வெட்டி எறிஞ்சிருக்கார், ஆரும் வந்து பார்த்தா அரிச்சுப் போச்சு எண்டு சொல்றதுக்கு. மெக்கானிக் மூளை எல்லாத்தயும் யோசிச்சிருக்கு. மகள்ட வயிறு மட்டும் அந்தக் கணக்குக்குள்ள வரல்ல.

இந்த மாதிரி நேரத்துல ஆள் கத்துவார், இல்லாட்டிக் கையில உள்ளத எறிவார். நான் ரெண்டுக்கும் ஆயத்தமா நிண்டன். ரெண்டும் நடக்கல்ல. யசோதினிதான் நடுவில போனா, சிரிச்ச முகத்தோட.

"ஏன் துரையண்ணன் பயப்பிடுறீங்க? நான் ஒண்டும் ஏச மாட்டன். அவர இயக்கம் பிடிச்சிட்டுப் போச்சுதா? அதுதான் அண்டைக்குக் கடல் எண்டு சொன்னீங்களா, எங்களக் காப்பாத்த? இப்ப எல்லாம் முடிஞ்சுதானே. எந்தக் காம்ப் எண்டு சொல்லுங்க. நான் போய்க் கூட்டி வாறன். மகள் அப்படியே அவர்தான் அண்ணன், நடக்கிற நடை கூட. அவருக்குக் காட்டணும்."

அக்கா கேட்ட கேள்விக்கு நிண்ட மனிசன் இந்தச் சிரிப்புக்கு நிக்கல்ல. பக்கத்துல கிடந்த லொறி ரயருல இருந்திட்டார். காபரேற்றர் மடியில. வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"மெல்லமாக் கதைப்பம் தங்கச்சி. அவ உள்ள இருக்கா."

"எங்க அவர்?"

"படுவான்கரையில."

"அங்க காம்ப் இல்லயே."

"இல்ல," எண்டு அவர் சொன்னார்.

யசோதினிட சிரிப்பு உடன போகல்ல. அதுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதத்தான் என்னால பார்க்க ஏலாமப் போச்சு. நான் எஞ்சினப் பார்த்துக்கொண்டு நிண்டன்.

"சொல்லுங்க," எண்டு அக்கா சொன்னா.

அவர் காபரேற்றரோட கதைக்கிற மாதிரிக் குனிஞ்சு கதைச்சார்.

"நத்தார் அண்டு ரெண்டு பேரும் மண்முனைத் துறையில தெப்பத்துல காரை ஏத்தி அங்கால போனம். பழைய எஞ்சின் கிடக்கிற இடம் அவனுக்குத் தெரிய வந்திருந்த. திரும்ப அத இதுக்குள்ள பூட்டணும் எண்டு அவனுக்கு ஒரே ஆசை. ஸ்ரோரடிக்குப் போற வழியில இயக்கப் பொடியன்மார் மறிச்சாங்க. இயக்கம் ரெண்டாப் பிரிஞ்ச வருசம் அது. ஆர் எந்தப் பக்கம் எண்டு தாய்க்கும் தெரியாத காலம். குதிரைக்காரில மற்றப் பக்கத்துக்கு ஆள் ஏத்தித் திரிஞ்சது ஆர் எண்டு கேட்டாங்க. மாவட்டத்துக்கே ஒரு குதிரைக்கார்தானே."

"நல்லரத்தினம் ஏத்தினவரா?"

"இல்லம்மா. அவனுக்கு ஒண்டும் தெரியா. நான்தான் ஏத்தினன். ஆஸ்பத்திரிக்கு எண்டு சொல்லி அவன்ட்ட இரவல் வாங்கி, ரெண்டு தரம். கேட்டவங்களுக்கு இல்லை எண்டு சொல்ல ஏலாது அப்ப."

வேப்ப மரத்துல காகம் கத்தினது. அவர் காபரேற்றரத் திருப்பிப் பிடிச்சார்.

"நாங்க ரெண்டு பேரும் பேசாம நிண்டம். மறுகா கேள்விய மாத்திக் கேட்டாங்க. கார் ஆர்ட எண்டு. என்னப் பார்த்துத்தான் கேட்டாங்க." அவர் நிப்பாட்டினார். "அவன்ட எண்டன். பொய் இல்லத்தானே. கார் அவன்டதானே."

யசோதினி ஒரு கையால கார்க் கதவப் பிடிச்சுக்கொண்டா.

"அவன் என்னத் திரும்பிப் பார்த்தான். அப்பதான் அவனுக்கு எல்லாம் விளங்கினது. ஒரு வார்த்தை, துரைதான் இரவல் எடுத்தவன் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான்தான். சொல்லல்ல தங்கச்சி. ஆர்த்திகாக்குத் தாய் இல்ல எண்டு அவனுக்குத் தெரியும். ஒண்டும் சொல்லாமப் போனான். ஸ்ரோருக்குப் பின்னால, குளக்கட்டடியில சத்தம் கேட்டது. புதைக்கிறதுக்கு என்ட கையிலதான் மண்வெட்டி தந்தாங்க."

"காரோட விட்டாங்களா?" அக்காட குரல் மாறவே இல்ல.

"காரை ஸ்ரோருக்குள்ள தள்ளி வச்சாங்க. என்னை நடந்து போகச் சொன்னாங்க. அடுத்த நாள் விடிய உன்னட்ட வந்து சொல்லத்தான் வெளிக்கிட்டன் தங்கச்சி. ஆண்டவன் மேல ஆணை. வாறதுக்குள்ள கடல் வந்திட்டு. ரோடெல்லாம் பிணம். அவ்வளவு பேருக்குள்ள இன்னும் ஒருத்தனச் சேக்கிறது லேசா இருந்த. சொல்லிட்டன். ரெண்டாயிரத்தி ஏழில ஆமி அந்தப் பக்கத்தப் பிடிச்ச பிறகுதான் போய் இதக் கொண்டு வந்தன். அவன்ட ஆசைக்கு எஞ்சினப் பூட்டி உன்ட புள்ளைக்குக் குடுக்கலாம் எண்டு."

அந்தக் கடல் என்ட தங்கச்சி ஸஹீதாவையும் கொண்டு போனது. மூண்டு நாள் தேடி, சாரனக் கிழிச்சு மூக்கக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மையித்தா புரட்டிப் பார்த்து எடுத்தன் நான். அந்த ஆக்களுக்கு நடுவில இந்த மனிசன் தன்ட பொய்ய ஒளிச்சு வச்சிருக்கான்.

"கடல்ல போட்டா கடல் வந்து மறுத்துச் சொல்லாது எண்டு நினைச்சீங்க பாஸ்," எண்டு சொன்னன். இன்னும் சொல்ல இருந்தது. அக்கா என்ட முழங்கையப் பிடிச்சா.

யசோதினி அழல்ல. அவ கேட்டது வேற.

"அவர் தண்ணி கேட்டாரா?"

"இல்ல."

"என்னப் பத்தி ஏதும்?"

"ஒண்டும் கதைக்கல்ல தங்கச்சி. நேரம் குடுக்கல்ல."

"அஞ்சரை வருசமா மகளக் கடக்கரைக்கு விட்டதில்ல நான்," எண்டா. "அந்தக் கடல எவ்வளவு ஏசியிருப்பன்."

அக்கா எழும்பி அவவுக்குப் பக்கத்துல போய் நிண்டா. "என்ன செய்வம் புள்ள? பொலிசுக்குப் போறதெண்டா இப்பயே போவம். உன்ட விருப்பம்தான்."

"போங்க," எண்டு இராசதுரை சொன்னார். தலை நிமிந்திருந்தது. அந்த நேரம்தான் அந்த மனிசன்ட முகத்துல ஒரு நிம்மதியக் கண்டன். "அதத்தான் இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டிருந்தன். கூட்டிட்டுப் போங்க."

உள்ள இருந்து ஆர்த்திகாட குரல் வந்தது. "அப்பா, அவங்களுக்கு இன்னும் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளுங்க."

யசோதினி அந்த வாசலப் பார்த்துக்கொண்டு நிண்டா. மறுகா அவதான் சத்தமாச் சொன்னா, "வேணாம் புள்ள, காணும். நீ படு."

அதுக்குப் பிறகு இராசதுரைட பக்கம் கிறுகினா. குரல் இறங்கிப் போயிருந்தது.

"நான் இப்படி வயித்தோட இருக்கக்குள்ளதான் நீங்க வாசலுக்கு வந்து அவர் இல்ல எண்டு சொன்னீங்க. நான் விழுந்த விழுகை உங்களுக்குத் தெரியும். புள்ள தங்காது எண்டு டொக்டர் சொன்னதும் தெரியும். அத நான் இவளுக்குச் செய்ய மாட்டன்."

"தங்கச்சி…"

"நாளைக்குக் காலையில மண்முனைத் துறைக்கு வாங்க. அவர் கிடக்கிற இடத்தக் காட்டணும். இவ பெத்து, முப்பத்தொரு நாள் கழியட்டும். அதுக்குப் பிறகு குருக்கள்மடத்துக்கு என்ட வீட்ட வாங்க. இப்ப எனக்குச் சொன்னத என்ட மகளுக்கு நீங்க இருந்து சொல்லணும். அவ கேக்கிற கேள்வி எல்லாத்துக்கும் நீங்கதான் மறுமொழி சொல்லணும். பொலிஸ் எல்லாம் அதுக்குப் பிறகு."

இராசதுரைட முகத்துல இருந்த நிம்மதி போயிட்டு. எழும்பினார். காபரேற்றர் மடியில இருந்து மணலுக்குள்ள விழுந்தது. "அது மட்டும் ஏலா தங்கச்சி. அந்தப் புள்ளைக்கு நான் எப்படிச் சொல்ற? என்னை இப்பயே உள்ள போடச் சொல்லு. உன்ட காலப் பிடிச்சுக் கேக்கன்."

"ஏலும்," எண்டு யசோதினி சொன்னா. "எனக்குச் சொன்னீங்கதானே."

நாங்க நடந்தம். அவர் பின்னால வரல்ல. ஓட்டோவுக்குள்ள ஏறினதும் யசோதினி தண்ணிப் போத்தலக் கேட்டா. குடிக்கத்தான் எண்டு நினைச்சுக் குடுத்தன். சீலைத் தலைப்ப நனைச்சு நெத்திய அழுத்தித் துடைச்சா. ஒருக்காத் துடைச்சிட்டு, விரலால தொட்டுப் பார்த்திட்டு, இன்னொருக்காத் துடைச்சா. அக்கா தடுக்கல்ல.

"போன தரம் அவங்க அழிச்சு விட்டாங்க," எண்டு சொன்னா. "வீட்ட போவம் தம்பி. மகள் பள்ளிக்கூடத்தால வாற நேரம்."

நான் ஓட்டோவக் குருக்கள்மடத்துப் பக்கம் கிறுக்கினன்.